கழுத்துக்குப் போட்ட மருந்து
கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் என் தங்கைக்கு அடுத்த கட்டிலில் கிடந்தாள், பிள்ளை பெற்ற ஒரு பச்சை உடம்புக்காரி. கழுத்து சிவந்து புடைத்துக் காய்ச்சல் கண்டதுமே, பொன்னுக்கு வீங்கி என்று மாமியார் தங்கச் சங்கிலியை மாட்டி வீட்டிலேயே வைத்திருந்தாள். உண்மையில் தைராய்டு சுரப்பியில் கிருமி புகுந்து சீழ் பிடித்திருந்தது, அபூர்வமாக வருவதாம். அந்தப் பெண் எச்சில் விழுங்கும்போதெல்லாம் சங்கிலியை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்வாள்.

டாக்டர் சீழை எடுத்துக் காய்ச்சல் இறங்கியதும், "எங்க சங்கிலிதாங்க காப்பாத்துச்சு" என்று மாமியார் வார்டு முழுக்கச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதுவரை வலியில் வாய் திறக்காதவள், டாக்டர் கழற்றச் சொன்னதால் தலையணைக்கடியில் வைத்திருந்த சங்கிலியை எடுத்து நீட்டினாள்.

"உம் மவனுக்குச் சளி புடிச்சாலே ஊசி போட இட்டுக்கினு ஓடுவியே அத்த. இனிமே அதுக்கும் இதையே மாட்டு."

மாமியார் வாங்கும்வரை அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.