மூன்றாவது பிளக்கில் ஒரு செப்புக் கம்பி

செல்லையா வேனின் ஹீட்டரைக் கருக்கவில்லை. கருக்கியவன் நான். பழியை அவர் தலையில் போட்டவனும் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நடுவில் எங்காவது எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொள்வேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

போன வாரம் எங்கள் தெருப் பந்தல்காரரின் பழைய டீசல் வேன் காலையில் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பத் திருப்ப இருமி, வெள்ளைப் புகையாகக் கக்கியது. எரியாத டீசலின் நெடி ஜன்னல் வழியே வந்து காபியில் இறங்கியது. மருமகள் ஜன்னலைச் சாத்தினாள். நான் திறந்தேன். "மாமா, கண்ணு எரியலையா?" என்றாள். எரியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

இந்த நெடி வந்தால் எனக்கு ஏலக்காய் வாடையும் கூடவே வந்துவிடும். மறுபக்கமும் உண்டு. கல்யாண வீட்டில் பாயசத்தை வாயருகே கொண்டுபோனால் டீசல் நாறும். பக்கத்து இலைக்காரர் "என்ன சார், இனிப்பு ஆகாதா?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவைப்பேன். அதுவும் பொய்தான்.

எழுபதுகளின் நடுவில் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் எனக்கு எழுத்து வேலை. வயது இருபத்தாறு. கையில் பாலிடெக்னிக் எலெக்ட்ரிகல் டிப்ளமா. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். நான் டெஸ்டர் வைத்திருந்தேன். அது வெளியே தெரியும்படி பார்த்துக்கொள்வேன்.

எஸ்டேட்டுக்கு ஒரு வேன். அதன் டிரைவர் சிலமலைக்காரரான செல்லையா. மலை டிரைவர்கள் யாரும் வண்டியைச் சமதளத்தில் விடமாட்டார்கள். மூக்கை இறக்கத்தைப் பார்த்து வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுப் படுக்கப் போவார்கள். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருண்டு கிளம்பிவிடும். பார்க்க நாகரிகமாக இல்லை என்று முதலாளியிடம் சொல்லி, சமதளத்தில் ஒரு கொட்டகை போட வைத்தவன் நான். அன்றிலிருந்து வேன் ஹீட்டரை நம்பித்தான் கிளம்ப வேண்டியிருந்தது.

அந்தக் கால வேனில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக். நான்கையும் திருவிழா சீரியல் பல்பு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். ஒன்று போனால் நான்கும் அடங்கிவிடும். டிரைவருக்கு எதிரே பலகையில் ஓர் ஓட்டை. அதற்குள் ஒரு சுருள் கம்பி. சாவியைப் பாதி திருப்பிப் பிடித்தால் பீடி முனை மாதிரிச் சிவக்கும். சிவந்தால் உள்ளே சூடு ஏறிவிட்டது, கிளப்பலாம். எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதற்குச் செல்லையாவிடம் கடிகாரம் கிடையாது. ஒரு கையால் சாவியைப் பிடித்துக்கொண்டு, தொடைமேல் வெற்றிலையை விரித்து, மறு கையால் சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போடுவார். அது முடியவும் சுருள் சிவக்கவும் சரியாக இருக்கும்.

கொட்டகை போட்ட முதல் மார்கழியில் ஒருநாள் சுருள் சிவக்கவில்லை. நான் ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பிளக்கின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாவதைத் தொட்டதும், "செவந்துருச்சு சார்!" என்று உள்ளேயிருந்து செல்லையா கத்தினார். அப்படியென்றால் மூன்றாவதுதான் செத்திருக்கிறது. அதுவரை நான் செய்தது சரி. புதுப் பிளக் மதுரையிலிருந்து வர வேண்டும். வரும்வரைக்கும் அந்த இரண்டு முனைகளையும் தடித்த செப்புக் கம்பியால் இணைத்துக் கட்டினேன்.

மறுநாளே செல்லையா வந்து நின்றார்.

"சார், சுருளு செவக்க மாட்டேங்குது. வெளுத்துல்ல எரியுது."

"நல்லதுதானே, வெரசாக் கிளம்பும்."

"வெத்தலைய மடிக்கவே விட மாட்டேங்குது சார். நாலு பேரு தூக்குற பல்லக்க மூணு பேரு தூக்குனா தோளு எறங்கிராதா?"

"நீ எத்தனாவது படிச்சிருக்கே?"

"மூணாப்பு சார்."

"அப்ப ஓட்டுற சோலிய மட்டும் பாரு."

வேனில் ஏற நின்ற பெண்கள் சிரித்தார்கள். செல்லையாவும் சிரித்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு பிளக் பங்கிட்டுக்கொண்ட மின்சாரம் இப்போது மூன்றின்மேல் இறங்குகிறது. அளவுக்கு மீறிச் சூடாகி அவையும் கருகும். அவர் சொன்ன பல்லக்கேதான். முதல் வருட மாணவனுக்குத் தெரிந்த பாடம். தெரியாமல் செய்தேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. தெரிந்த பிறகும் கம்பியை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் மூன்றாம் வகுப்பு ஜெயித்துவிடும். மதுரையிலிருந்து புதுப் பிளக் வருவதற்குள், பத்து நாளில் இன்னொரு பிளக் போனது. அதற்கும் ஒரு கம்பி கட்டினேன். அந்த இருபத்தாறு வயதுக்காரன் இன்றைக்கு எதிரே வந்தால், முதலில் பையிலிருக்கும் டெஸ்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு அப்புறம் அறைவேன்.

ஏலக்காய் மூட்டைகள் போடியில் ஏலத்துக்கு இறங்க வேண்டிய காலையில் மீதி இரண்டும் போயின. தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து நாற்பது பெண்கள் வந்து பனியில் வேனைத் தள்ளினார்கள். சமதளம். வெள்ளைப் புகைதான் வந்தது. முதலாளி பங்களாவிலிருந்து இறங்கி வருவது தெரிந்தது. அவர் வந்து சேர்வதற்குள் பானெட்டைத் திறந்து இரண்டு கம்பிகளையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். செல்லையா அப்போது பின்னால் பெண்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா ஆச்சு?" என்றார் முதலாளி.

"டிரைவர் ஹீட்டர ரொம்ப நேரம் பிடிச்சு வச்சிருக்கார். நாலும் கருகிப்போச்சு" என்றேன். குரல் தடுமாறவே இல்லை.

செல்லையா முன்னால் ஓடி வந்தார். "சாரு ரெண்டு கம்பி வச்சுக் கட்டுனாரு மொதலாளி. நம்ம சாரு பொய் சொல்ல மாட்டாரு, மறந்திருப்பாரு. பானெட்டத் தெறந்து பாருங்க."

முதலாளி குனிந்து பார்த்தார். "எங்கடா கம்பி?"

செல்லையாவும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"படிச்ச பிள்ள பொய் சொல்லுமா? மூணாப்பு நீ எனக்குக் கத சொல்றியா? சாவிய வச்சுட்டு எறங்கிப் போடா."

அந்த நாற்பது பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. செல்லையா சாவியை ஒரு மூட்டையின் மேல் வைத்தார். என்னைக் கடந்து போகும்போது மெல்லச் சொன்னார்: "கம்பி பத்திரம் சார். பையக் கிழிச்சுரும்."

முதலாளிமேலும் எனக்குக் கோபம் உண்டு. என் பையைக் காட்டச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னிடம் இருந்த ஒரு சான்றிதழ் காகிதத்தைப் பார்த்தார். பதினான்கு வருடம் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கீறல் இல்லாமல் வண்டியை ஏற்றி இறக்கியவரைப் பார்க்கவில்லை. ஆனாலும் அவர் ஏமாந்தவர். ஏமாற்றியவன் நான்.

செல்லையா மலையிறங்குவதற்குள் பேச்சு இறங்கிவிட்டது. இன்ஜினைக் கருக்கியவனுக்கு யார் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்? போடியில் ஒரு கமிஷன் கடையில் மூட்டை தூக்கினார். கண்டபோதெல்லாம் நான் எதிர்வரிசைக்கு மாறி நடந்தேன். பதினோரு வருடம் அப்படிப் போனது. ஒருநாள் அந்தக் கடை வாசலில் நின்றிருந்தேன். "ஓரம், ஓரம்" என்று ஒரு குரல். மூட்டைக்கு அடியில் நரைத்த தலை. நான் ஒதுங்கினேன். அவர் என்னைப் பார்க்காமலே கடந்து போனார்.

மறுநாள் சிலமலைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எங்காவது டிரைவர் வேலை பிடித்துத் தருகிறேன் என்றேன். மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டே கேட்டார்.

"சோலி கெடக்கட்டும் சார். எங்கன வச்சுப் பொய் சொன்னீகளோ, அங்கன வந்து உண்மையச் சொல்லுங்க. அந்தப் பொம்பளைக முன்னாடி."

என்னால் ஆகவில்லை. நான் அப்போது மேனேஜராக இருந்த எஸ்டேட், பழைய முதலாளியின் மைத்துனருடையது. அதனால் மலிவான வழியைப் பிடித்தேன். செல்லையாவைப் போடி ஜீப் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லி, பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் முன்னால், அவர்மேல் தப்பில்லை, கம்பி கட்டியதும் ஒளித்ததும் நான்தான் என்று சொன்னேன்.

"சாருக்கு இப்பத்தான்டா ஷாக் அடிச்சிருக்கு மாப்ளே!" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. இன்னொருவர், "அதுக்கென்ன சார் இப்ப? எங்க ஜீப்புக்கு ஹீட்டரே கெடையாது" என்றார். ஆனால் ஒரு ஜீப் முதலாளி எழுந்து, "வாங்கண்ணே, நம்ம வண்டிய எடுங்க" என்று சாவியை நீட்டினார். செல்லையா அதை வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"இங்க இல்ல சார். மேல."

அதன்பின் எட்டு வருடம் ராசிங்காபுரம், சிலமலை, போடி என்று கீழேயே ஓட்டினார். மெட்டுக்கு லோடு என்றால் மாட்டேன் என்பார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "மேல ஒரு சோலி பாக்கி கெடக்கு. அத முடிக்க வேண்டிய ஆளு வேற" என்று பதில். அது என் காதுக்கும் வந்தது. இடையில் பழைய முதலாளி இறந்தார். நான் வேலையை விட்டேன். பயப்பட ஆள் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளினேன். செல்லையாவும் போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் கழிந்ததும் தனியாக பஸ் ஏறி மேலே போனேன். எஸ்டேட் கைமாறித் தங்கும் விடுதி ஆகியிருந்தது. லயம் இல்லை, அந்த இடத்தில் புல்தரை, ஊஞ்சல். காய் உலர்த்திய ஸ்டோர் சாப்பாட்டுக் கூடமாகிவிட்டது. கொட்டகை நின்ற சமதளத்தில் கார்கள். அந்தப் பெண்கள் எந்தெந்த ஊருக்குப் போனார்கள் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. வாசலில் வாட்ச்மேன் ஒருவர், மலையாளம் கலந்த தமிழ்.

"ரூம் வேணோ சார்?"

வேண்டாம் என்றேன். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு அந்தச் சமதளத்தில் போய் நின்று, அவர் ஒருவரிடமாவது சொன்னேன். இந்த இடத்தில் வேனைக் கெடுத்தது செல்லையா இல்லை, நான்தான் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆரு சார் செல்லையா?"