ஆதார் மட்டும்தான் கேட்டார்

நான் பிறந்து வளர்ந்தது சடையங்குப்பம். அங்கே இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் போதும், தண்ணீர் கட்டில்கால் வரை வந்து நிற்கும். அதனால் ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் என்று சகலமும் ஒரே பிளாஸ்டிக் கவரில் கிடக்கும். ஓடும்போது ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கவர். கல்யாணமாகித் திருவொற்றியூர் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. மூன்றாவது மாடிக்கு எந்த வெள்ளம் வரப்போகிறது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அந்தக் கவருக்குள் மகளின் பிறப்புச் சான்றிதழும் இருந்தது. அதில் தாய் என்ற இடத்தில் என் பெயர் இல்லை, என் தங்கையின் பெயர் இருந்தது. பிரசவமான எட்டாம் நாள் அவள் போய்விட்டாள். காரியம் முடிந்த கையோடு கிளம்பிய அவள் புருஷன் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையை நான் தூக்கிக்கொண்டேன். அவளுக்கு நான்தான் அம்மா. வேறு சங்கதி எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரியவே கூடாது என்பது என் பிடிவாதம்.

அவள் ஒன்பதாவது வந்ததும் வீட்டுக்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து ஆரம்பித்தார்.

"பத்தாவது பரீட்சைக்குப் பேர் குடுக்கும்போது பொறப்பு சர்ட்டிபிகேட் கேப்பாங்க, தெரிஞ்சிடும். யாரோ சொல்லித் தெரிஞ்சிக்கிறதுக்கு, நாமளே குந்த வச்சி சொல்லிடலாம்."

"இன்னான்னு சொல்லப் போற? நான் அவளுக்கு யாருமில்லன்னா?"

அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது. கையிலிருந்த சில்வர் குண்டானை வீசினேன். அது வாசலைத் தாண்டி ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு கீழ்வீடு வரை போனது. யாரோ நூறுக்குப் போன் போட்டுவிட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, போலீஸ் வந்துவிட்டது.

நரைத்த மீசையோடு ஒரு ஏட்டு, கூடவே சின்ன வயதில் ஒரு பெண் காவலர். அவர்களுக்கு முன்பே எங்கள் பிளாக் மொத்தமும் படிக்கட்டுக்கு வந்திருந்தது.

"அடிச்சானாம்மா?"

"இல்ல சார். நான்தான் குண்டானை எறிஞ்சேன்."

யாரோ சிரித்தார்கள்.

"இன்னாத்துக்கு சண்டை?"

"வூட்டு விஷயம் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வூட்டு விஷயம்னா?"

எங்கள் இரண்டு பேர் கண்ணும் மொட்டைமாடிப் படிக்குப் போனது. அதில்தான் ஏட்டுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். "உள்ள போய்ப் பேசிக்கலாம் சார்" என்று அந்தப் பெண் காவலர் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

"இங்கயே சொல்லட்டும். ஆதார் எடுத்தாம்மா, பேர் எழுதிக்கிறேன்."

ஆதார் மட்டும்தான் கேட்டார். நான் மொத்தக் கவரையும் கொண்டுவந்து நீட்டினேன். வெள்ள நிவாரணத்துக்கு நின்ற வரிசைகளில் எல்லாம் அப்படியே கவரோடு நீட்டித்தான் எனக்குப் பழக்கம்.

அவர் ஆற அமர ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு தாளில் நிறுத்தினார்.

"இது யாரு? அம்மா பேரு வேற போட்டுக்கீதே?" என்று என் தங்கையின் முழுப்பெயரையும் சத்தமாகப் படித்தார்.

"அது வேணாம், குடுங்க சார்." கையை நீட்டினேன். அவர் தாளை விலக்கிக்கொண்டார்.

"புள்ள யாருதும்மா? எங்கேர்ந்து தூக்கினு வந்தே?"

பதில் சொல்லாவிட்டால் பிள்ளை திருடி என்று ஆகிவிடும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"என் தங்கச்சிது சார். செத்துட்டா. நான்தான் வளக்கிறேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். மொட்டைமாடிப் படியில் காலி பக்கெட்டோடு என் மகள் நின்றிருந்தாள்.

ஏட்டு கெட்டவர் இல்லை. "சொந்தத் தங்கச்சி புள்ளையா? புண்ணியம்மா" என்று கவரைத் திருப்பிக் கொடுத்தார். இனிமேல் சத்தம் போடாதீர்கள் என்று புத்தி சொல்லிவிட்டு இறங்கினார். புண்ணியமாம்! அந்தப் பெண் காவலர் மட்டும் என் மகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

டோல்கேட் பக்கம் நடந்த இலவச சட்ட முகாமில், பிறகு ஒரு வக்கீலம்மாவிடம் கேட்டேன்.

"யாருக்காவது அடிபட்டிருக்கான்னு பாக்க அவங்க வரலாம், பேர் கேக்கலாம். ஆனா நாலு பேர் முன்னாடி உங்க பேப்பரைப் படிச்சது தப்பு. உள்ள வந்து தனியா கேளுங்க, மத்த பேப்பரைத் தொடாதீங்கன்னு நீங்க சொல்லியிருக்கலாம்" என்றார்.

சொல்லியிருக்கலாம். தெருவையே வாயடைக்க வைக்கிற வாய் எனக்கு. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே சொல்லியிருந்தால், அழுதிருந்தாலும் என் மடியில் அழுதிருப்பாள்.

அவள் அழவே இல்லை. சண்டையும் போடவில்லை. தங்கையின் போட்டோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது படிக்கட்டில் யாராவது நின்றால், கீழிருந்தே "அம்மா, கதவைத் தொற" என்று பிளாக் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு வருவாள். எனக்காகத்தான் அப்படிக் கத்துகிறாள் என்று எனக்குத் தெரியும். உள்ளே வந்து கதவைச் சாத்தி, பையை இறக்கி வைத்த பிறகு, மெதுவாகச் சொல்வாள்.

"பெரிம்மா, சாப்பாடு போடு."