ரிப்பனுக்கு அந்தப் பக்கம் இருந்த மாத்திரை

மலைமேல் இருக்கும் செம்மேட்டில் பேக்கரி வந்துவிட்டது, செல்போன் கடை வந்துவிட்டது, இன்று இன்னொரு மெடிக்கலும் திறக்கிறார்கள். டீ குடிக்கப் போன என்னையும் சந்தனம் கொடுத்து நிறுத்திக்கொண்டார் கடைக்காரர் செல்வி. ரிப்பன் வெட்ட வேண்டிய நாமக்கல் மருந்து மொத்த வியாபாரியைத்தான் காணவில்லை.

போன் வருகிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் அவருக்கு வாந்தி. மாத்திரை போடாமல் இனி ஒரு வளைவுகூட ஏற மாட்டாராம். அவ்வளவு மருந்து விற்கிறவர் கையில் ஒரு மாத்திரை இல்லை.

"வேற கடைல வாங்கி அனுப்பலாமே" என்கிறேன்.

"தொறக்கற அன்னைக்கே அடுத்த கடைக்குப் போறதாங்க?" செல்விக்குக் கோபம் வருகிறது. என்னை மேலும் கீழும் பார்க்கிறார். "ஏனுங்க, நீங்க ஒல்லியாத்தான இருக்கறீங்க. ரிப்பனுக்கு அடியில பூந்து எடுத்தாந்துருங்க. நாங்க போனா கடை தொறந்த மாதிரி ஆயிருமுங்க. நீங்க வெளியூரு, கணக்குல வராது."

கணக்கில் வராத நான் தவழ்ந்து போய் மாத்திரையோடு தவழ்ந்து வருகிறேன். அதை வாங்கிக்கொண்டு ஒரு பையன் பைக்கில் கீழே பறக்கிறான்.

நல்ல நேரம் முடியும் தறுவாயில் வியாபாரி வெளுத்த முகத்தோடு வந்து ரிப்பனை வெட்டுகிறார். கைதட்டுகிறோம்.

"நாலு வார்த்தை பேசுங்கய்யா" என்று செல்வி மைக்கை நீட்டுகிறார். "மொதப் போணியும் நீங்கதானுங்க."

கடைத்தெரு முழுக்க வியாபாரியின் குரல் கேட்கிறது: "அதே மாத்திரைல ஒரு அட்டை குடும்மா. எறங்கோணுமில்ல."