பூட்டில்லாத அலமாரி

“இந்த அலமாரிக்குப் பூட்டே கிடையாது சார். என் பொருளா இருந்தாத்தானே பூட்டுறதுக்கு? நான் வெறும் வாட்ச்மேன்!”

சொல்லிக்கொண்டே சர்வர்காரர் கறுப்பு இரும்பு அலமாரியின் கதவை ஒற்றை விரலால் இழுத்துத் திறப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும், குடிக்கத் தண்ணீர் வருவதற்குள் இந்தக் காட்சி வந்துவிடும். குழாய் ரிப்பேருக்கு வந்தவர்கூட இரண்டு முறை பார்த்திருக்கிறார்.

சர்வர் என்றதும் ஓட்டலில் பரிமாறுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் டிப்ஸ் எதிர்பார்ப்பார். இவர் புகழோடு நிறுத்திக்கொள்வார். அலமாரிக்குள் பச்சை விளக்கு சிமிட்டும் ஐந்து கணினிகள். பதினோரு தொண்டு நிறுவனங்களின் இணையதளம், மின்னஞ்சல், பெயர்ப்பட்டியல் எல்லாம் அவற்றில்தான் குடியிருக்கின்றன. காது கேளாத குழந்தைகளின் பள்ளி, தெருநாய்க் காப்பகம், ரத்ததானச் சங்கம் என்று எல்லாருக்கும் இலவச இடம். “சேவைக்கு வாடகை கேட்டா நாக்கு அழுகிடும்.” அந்த வேகத்திலேயே பதினோரு இணைய முகவரிகளையும் தம் பெயரில் பதிந்துகொண்டார். “உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி?” பிறர் தலைவலியைத் தாமே சுமந்த தியாகத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. அது அலமாரியின் மேல் இருக்கிறது. கேடயத்தைத் தினமும் துடைப்பார். அலமாரியை நினைவு வரும்போது.

கணினிகளோடு பேசுவார். விசிறிச் சத்தம் மாறினால், “என்னப்பா, தொண்டை கட்டிக்கிச்சா?” அடுத்தவர் மின்னஞ்சலைப் படிப்பது பாவம் என்பது அவர் கொள்கை. ஆனால் காப்பகத்து ஒற்றைக்கண் நாய்க்கு எந்தத் தெருவில் வீடு அமைந்தது என்பது, காப்பகத்துக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

வீட்டிலிருக்கும் ஒரே ஏசி அந்த அறையில்தான். மதியம் அவர் மனைவி அங்கேதான் பாயை விரிப்பார். “பதினோரு சங்கத்துக்குக் காத்து வருது. பன்னெண்டாவதா நானும் சேர்ந்துட்டேன்” என்பது அம்மையாரின் அறிக்கை.

போன வாரம் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். அலமாரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. இணைய முகவரிகளும் பெயர்ப்பட்டியல்களும் மட்டும் விலைக்கு வேண்டும் என்றார்.

“நான் வாட்ச்மேன்தான் சார்.”

“வாட்ச்மேன் கையெழுத்தே போதும் சார். பேப்பர்ல உங்க பேர்தானே இருக்கு!”

சர்வர்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். வாசல்வரை போய் வழியனுப்பினார்.

சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, சங்கங்களுக்கு உண்டு. ரத்ததானச் சங்கத்துச் செயலாளர் நேற்று மதியம் வந்து நின்றார். எல்லாரும் கூப்பிடுவது ‘ரத்தக்காரம்மா’. நாலாயிரம் கொடையாளிகளின் தொலைபேசி எண்கள் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன. சர்வர்கார அண்ணன் வீட்டில் இருந்தால் பட்டியல் பத்திரம் என்று சங்கம் வேறு நகல் வைத்துக்கொள்ளவில்லை.

“அண்ணே, பட்டியலை ஒரு காப்பி எடுத்துக்கறேன். முகவரியை எங்க சங்கத்துப் பேருக்கு மாத்தி ஒரு கையெழுத்தும் போட்டுடுங்க.”

“என்னம்மா, அண்ணன்மேல நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கை நிறைய இருக்குண்ணே. பென் டிரைவ்தான் காலியா இருக்கு.”

சர்வர்காரர் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை.

“லேசில கிடைக்காத ரத்த குரூப்புக்கு மொத்தமே நாப்பத்தோரு பேர்ணே. நாளைக்கு எவனோ வாங்கிட்டு ‘நம்பர் தர முடியாது’ன்னா, ஆஸ்பத்திரியில படுத்திருக்கவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“தாராளமா எடுத்துக்கம்மா. வாட்ச்மேன் தடுக்கவா போறேன்?”

ரத்தக்காரம்மா உள்ளே போய், ஊருக்கே பழக்கமான முறைப்படி, ஒற்றை விரலால் கதவை இழுத்தார். வரவில்லை. கைப்பிடியில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. விலைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை.

“இது எப்பண்ணே?”

“கம்பெனிக்காரர் போன மறுநாள்” என்று பாயிலிருந்து பதில் வந்தது, கண் திறக்காமலே.

“தூசி வருதேன்னு போட்டேம்மா…”

“சாவி?”

“அதானே! எங்க வெச்சேன்?”

சர்வர்காரர் மும்முரமாகத் தேடினார். டிவிக்குப் பின்னால் பார்த்தார். கேடயத்தைத் தூக்கிப் பார்த்தார். மனைவியின் தலையணை ஓரத்தையும் விடவில்லை. எல்லாவற்றையும் வலது கையே செய்தது. இடது கை மட்டும் சட்டைப்பையைப் பொத்தியபடியே இருந்தது.