பச்சை மழைக்கோட்டு

எண்பத்து நான்காம் ஆண்டு மாரியில் மூன்றாவது தடவையாக நனைந்து காய்ச்சலில் படுத்த பிறகுதான் மழைக்கோட்டு வாங்கத் தீர்மானித்தேன். வீடு சண்டிலிப்பாயில், வேலை பார்க்கும் கந்தோர் தெல்லிப்பழையில். ஸ்கூட்டரில் குடை பிடித்துக்கொண்டு போக முடியாது.

நல்லூரில் ஒரு கடைக்காரர் மெல்லிய பிளாஸ்டிக் கோட்டுகள் இரண்டைக் காட்டினார். விரலால் இழுத்ததும் ஒன்று கிழியப் பார்த்தது. அவர் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னொன்றை எடுத்துவந்தார். தடித்த துணி, தலைமூடி, கரும்பச்சை நிறம். கழுத்தடியில் இருந்த லேபிளை யாரோ பிளேடால் வெட்டி எடுத்திருந்தார்கள். இடது கைக்குக் கீழே ஓர் ஒட்டு.

“இது ஆரின்ரை கோட்டு?”

“கொழும்பிலையிருந்து வந்தது, அண்ணை.”

“உந்த ஒட்டு?”

“ஆணியிலை கொழுவினது. உங்களுக்கு மழை படாட்டில் சரிதானே?”

அவர் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. ஆனாலும் வாங்கினேன்.

மனைவி அதை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள். “இஞ்சருங்கோ, உது ஆமிக்காரன்ரை நிறமெல்லே?”

“மழைக்குள்ளை ஆர் நிறம் பாக்கிறது?” என்றேன்.

மறுநாள் காலை நல்ல மழை. தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒழுங்கையில் ஒருவர் சைக்கிளில் கத்தரிக்காய்க் கூடை கட்டிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஸ்கூட்டர்ச் சத்தத்துக்குத் திரும்பினார். என்னைக் கண்டதும் சைக்கிளோடு விழுந்தார். நான் பதறி நிறுத்தியது அவரை இன்னும் கலக்கியிருக்க வேண்டும். கால் சைக்கிளுக்குள் மாட்டியபடியே இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

“மாத்தையா, எளவலு... எளவலு...”

ஐயா, மரக்கறி என்பதற்கான சிங்களச் சொற்கள்; என்னை இராணுவத்தான் என்று நினைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் போலிருந்தது. தலைமூடியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, “அண்ணை, நான் தமிழ், சண்டிலிப்பாய்” என்றேன்.

அவர் கையை இறக்கவில்லை. “தமிழெண்டா உந்தச் சட்டை எங்காலை?”

“கடையிலை வாங்கினது.”

“எந்தக் கடையிலை உது விக்கிறாங்கள்?”

கடையைச் சொல்ல வாய் வரவில்லை. இவர் யார், யாரிடம் போய்ச் சொல்வார் என்று நானும் யோசித்தேன். அதை அவர் கவனித்திருக்க வேண்டும். உருண்டு கிடந்த காய்களைப் பொறுக்க நான் குனிந்தபோது, “தொடாதை, நீ போ” என்றார். கோட்டைக் கழற்றிச் சுருட்டி, நனைந்துகொண்டே கந்தோருக்குப் போனேன்.

வீட்டில் அதை வைத்திருக்கப் பயம். இராணுவம் சோதனைக்கு வந்தால் என்ன சொல்வது? எறிந்தால் யாராவது எடுத்துக் கேள்வி கேட்பார்கள். எரித்தால் மணக்கும். கதவைப் பூட்டிவிட்டு மனைவியும் நானும் அதைத் துண்டு துண்டாக வெட்டி வாழையடியில் குழி தோண்டித் தாட்டோம்.

பிறகு மேசைக்கு விரிக்கிற, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கை முழக்கணக்கில் வாங்கி ஒரு கோட்டுத் தைப்பித்தேன். கரையெல்லாம் சின்னச் சின்ன ரோசாப்பூக்கள். கந்தோரில் சிரித்தார்கள். உள்ளே என் வெள்ளைச் சேர்ட் வடிவாகத் தெரிந்தது. எனக்கு அது போதும்.

அந்த ஒழுங்கையில் அவரைப் பிறகும் சில தடவை கண்டேன். சைக்கிளை வேலியோரம் சாத்தி, நான் கடந்துபோகும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் தலையாட்டினால் அவர் ஆட்ட மாட்டார்.