கரும்பலகையில் ஏறிய நாள்

எங்கள் பள்ளியில் மணிக்குக் கீழே ஒரு சிறிய கரும்பலகை தொங்கியது. அதன் மேல்விளிம்பில் வெள்ளை வண்ணத்தில் ‘இதே நாளில்’ என்று எழுதியிருந்தது. கீழே தேதிக்கு ஒரு கட்டம், அதற்கும் கீழே நான்கு வரிகளுக்கு இடம். தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் எழுதுவேன். ஈரம் இருக்கும்வரை பலகை சுத்தமாகத் தெரியும். காயக் காய, நேற்றைய எழுத்துகள் சாம்பல் நிறத்தில் மெல்ல மேலெழுந்து இன்றைய வரிகளுக்கு நடுவே நிற்கும். ஏழாம் வகுப்பில் அது எனக்கு அச்சம் தந்ததில்லை. இப்போது தருகிறது.

பலகையின் உண்மையான சொந்தக்காரர் நான் அல்ல, அட்டெண்டரம்மா. மணி அடிப்பதும் வகுப்பறைகளைத் திறப்பதும் அவர் வேலை. நாகலாபுரம் பக்கத்து ஆந்திர எல்லை ஊர்களில் வழக்கம்போல, வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவர்; தெலுங்கை வேகமாக வாசிப்பார், தமிழில் எழுத வராது. தெலுங்குச் செய்தித்தாளின் சிறுவர் பக்கத்தில் வரும் ‘சரித்திரத்தில் இன்று’ பகுதியை ஓராண்டு முழுக்க வெட்டி, மாதவாரியாகக் கட்டி, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். சரித்திரம் மாறாது, ஆகவே அதே துண்டுகள் ஆண்டுதோறும் போதும் என்பது அவர் கணக்கு. காலையில் அவர் துண்டைப் பார்த்துத் தமிழில் சொல்வார். கையெழுத்து நன்றாக இருந்ததால் நான் எழுதுவேன். அவர் சொல்ல, நான் எழுத என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. பிறகு காலை வணக்கக் கூட்டத்தில் நான் அதை வாசிப்பேன்.

ஒரு ஜூலை பதினாறாம் தேதி இன்றும் நினைவில் இருக்கிறது. அந்த நாளில்தான் ஒரு பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டைச் சோதித்தார்கள். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து அதே நாளில்தான் மனிதரை நிலவில் இறக்கப்போகும் ராக்கெட் கிளம்பியது. நான் வாசித்து முடித்ததும் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “ரெண்டும் ஒரே நாளுன்னா, ராக்கெட்டு மேல குண்டு படலியா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அட்டெண்டரம்மா மட்டும் சிரிக்காமல் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, “நாளுன்றது ஊரு மாதிரி, கண்ணு. அது எங்கியும் போவாது, அங்கியே இருக்குது. வருசம்தான் பஸ்ஸு. ஒரு பஸ்ஸுல குண்டு வந்துச்சி, இன்னொரு பஸ்ஸுல ராக்கெட்டு வந்துச்சி. நாமளும் வருசத்துக்கு ஒருவாட்டி அந்த ஊரு வழியாத்தான் போய்க்கினு இருக்கறோம். எறங்க வேண்டியவங்க எறங்கிடுவாங்க” என்றார். குழந்தைக்குப் புரிந்துவிட்டது. கடைசி வாக்கியம் எனக்குள் தங்கிவிட்டது.

அந்த ஆண்டு நவம்பரில் ஒரு நாள். தேதியை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது பின்னால் தெரியும். இரவெல்லாம் பெய்த மழை காலையிலும் விடவில்லை. அட்டெண்டரம்மா வந்து சேரவில்லை. டின்னை நானே திறந்தேன். துருப்பிடித்து ஓட்டையான அடிப்பக்கம் வழியாக நவம்பர்க் கட்டில் கறையான் ஏறியிருந்தது. அன்றைய துண்டில் தேதி மட்டும் மிச்சம், மற்றது மண். பலகையை வெறுமையாக விடக் கூடாதென்பது தலைமையாசிரியரின் கட்டளை. வகுப்புத் தலைவி என் தோளுக்குப் பின்னால் நின்று, “இன்னாமே, இன்னிக்கி ஒலகத்துல ஒண்ணுமே நடக்கலியா? எல்லாரும் துன்னுட்டு தூங்கிட்டாங்களா?” என்று சீண்டினாள். எதிரே, மழைக்குள், எங்கள் ஊர் ஏரிக்கரை தெரிந்தது. நான் எழுதினேன்: ‘இதே நாளில், பல ஆண்டுகளுக்கு முன், நம் ஊர் ஏரிக்கரை உடைந்தது. கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்கப் போன எட்டு வயதுச் சிறுமி வெள்ளத்தில் மறைந்தாள்.’ யோசித்ததாக நினைவில்லை. சுண்ணாம்புக்கட்டி நிற்காமல் ஓடியது மட்டும் நினைவிருக்கிறது.

மழைக்காக வராந்தாவில் நடந்த கூட்டத்தில் அதை வாசித்துக்கொண்டிருந்தபோது அட்டெண்டரம்மா நனைந்துகொண்டே வந்து மணிக்கயிற்றைப் பிடித்தார். நான் முடித்த பிறகும் மணி அடிக்கவில்லை. கயிறு அவர் கையிலேயே இருந்தது. எல்லாரும் வகுப்புக்குப் போனபின் என்னிடம், “இத யாரு சொன்னாங்க உனுக்கு?” என்று கேட்டார். அகப்பட்டுக்கொண்டேன் என்று பயந்து, “பேப்பர்ல இருந்துச்சிம்மா. நைனா படிச்சிச் சொன்னாரு” என்று அப்பாவையும் இழுத்துவிட்டேன். அவர் பலகையைப் பார்த்தபடி, “பேப்பர்லயே போட்டுட்டாங்களா” என்றார். பிறகு அந்த இரண்டு வரிகளையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, மடித்து, டின்னில் கறையான் தின்ற இடத்தில் வைத்தார்.

என் பொய் எதன்மேல் விழுந்தது என்பதை அன்று மாலை நைனா சொல்லித்தான் அறிந்தேன். அட்டெண்டரம்மாவுக்குப் பத்து வயதிருக்கும்போது ஏரி உடைந்து அவருடைய தங்கை போய்விட்டாள். உடல் கிடைக்கவில்லை. மழை மாதம் என்பதற்கு மேல் நாள் யாருக்கும் தெரியாது. குறித்துவைக்கும் பழக்கமில்லாத வீடு. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் திதி செய்யலாம் என்று புரோகிதர் சொல்லியும், எல்லாருக்கும் பொதுவான நாளில் தன் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்த அவருடைய அம்மா சம்மதிக்காமலே செத்துப்போனாராம். நைனா இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “ஆமா, உனுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார். எங்கோ, எப்போதோ, யாரோ பேசியது என் காதில் விழுந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மறு ஆண்டு அதே நாள் மாலையில், மதகின் மேல் ஒரு விளக்கும், பொரியும், மடிப்புக் கலையாத ஒரு புதுப் பாவாடையும் இருந்தன. அதற்கடுத்த ஆண்டும் இருந்தன. பாவாடையின் அளவு மாறவேயில்லை. அந்த நாளில் பிள்ளைகள் கரைப்பக்கம் போவதை நிறுத்தினார்கள். டீக்கடைப் பெரியவர் ஒருவர், அது செவ்வாய்க்கிழமைதான், எங்கள் மாடும் அன்றுதான் போயிற்று என்று அடித்துச் சொன்னார். ஒவ்வோராண்டும் யாராவது ஒருவர் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். நான் எழுதிய இரண்டு வரிகளுக்கு என்னைத் தவிர எல்லாரும் சாட்சியாகிவிட்டார்கள்.

போன ஆண்டு நவம்பரில், நான் திருப்பதியில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது, அட்டெண்டரம்மா போன் செய்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மதகுப் பக்கத்தில் தங்கைக்கு ஒரு கல் நடப்போவதாகவும், தமிழில், என் கையெழுத்தில்தான் இருக்க வேண்டுமென்றும் சொன்னார். “நீ சாக்பீஸ்ல எழுதிட்டின்னா கல்லுக்காரரு அதும்மேலியே உளி வெச்சிடுவாரு.” பலகையில் இருப்பதைத் துடைக்கலாம், கல்லில் இருப்பதைத் துடைக்க முடியாது. ஊருக்குப் போன பேருந்தில் புத்தூர் தாண்டும்வரை என் வாக்குமூலத்தைச் சொல்சொல்லாகத் திருத்திக்கொண்டே போனேன்.

கறுப்புக் கடப்பைக் கல் ஒன்று அவர் வீட்டு வாசலில் படுத்திருந்தது. கல்தச்சர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன்: பேப்பரில் எதுவும் வரவில்லை, நைனா எதையும் படிக்கவில்லை, துண்டைக் கறையான் தின்றுவிட்டது, நாளும் ஏரியும் சிறுமியும் நானாகப் புனைந்தவை. அவர் அழுவார் அல்லது திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கல்லின்மேல் இருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சரி. ஏரி, நீ பாத்தது. பொண்ணு, ஊர்ல யாராச்சும் சொல்லியிருப்பாங்க. ஆடு?”

எனக்குப் புரியவில்லை.

“ஆட்ட அவுக்கப் போனான்னு எழுதனியே. அத யாரு சொன்னாங்க?”

“நானே எழுதனதுதாம்மா.”

“தண்ணி வர்ற சத்தம் கேட்டுச்சி. ஆடு கரைகிட்ட கட்டியிருந்துச்சி. நாந்தான் போவணும். எனுக்கு பயமா இருந்துச்சி. நீ ஓடிப் போயி அவுத்துக்கினு வான்னு அவள அனுப்பனேன்.” அவர் என்னைப் பார்க்கவில்லை. “எங்கம்மாகிட்ட கூட சொல்லல. அவளா போயிட்டான்னுதான் சொன்னேன். ஊருக்கே அப்பிடித்தான். ஆட்டுக்காவ போனது எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.”

தெருவில் ஒரு டிராக்டர் போயிற்று. ஈரமான கல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் கறுப்பின் அடியிலிருந்து சாம்பல் நிறம் திட்டுத்திட்டாக மேலே வந்தது. அவர் ஒரு சுண்ணாம்புக்கட்டியை என் கையில் வைத்து விரல்களை மூடினார். “எழுது. பேரு, அப்புறம் நாளு. அந்த நாளுதான்.”

நான் மண்டியிட்டேன். அவர் சொன்னார், நான் எழுதினேன். ஏழாம் வகுப்பின் காலைகளைப் போலவே. எழுத்துகள் பிசகவில்லை. கல் இப்போது மதகின் பக்கத்தில் நிற்கிறது. கீழே யார் எழுதியது என்று போடும் வழக்கம் இல்லாதது எனக்கு ஓர் ஆறுதல். அந்தத் தேதியை அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் எழுதியதில்லை. விடுதிச் சுவரின் நாட்காட்டியில் அந்த நாளை வேறு யாரையாவதுதான் கிழிக்கச் சொல்கிறேன்.

பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்தபின் அந்தக் கரும்பலகையைக் கழற்றிவிட்டார்கள். என் கண்ணில் மட்டும் அது அந்த மழைக் காலையில் தொங்குவதுபோலவே தொங்குகிறது: துடைத்த ஈரம், வெறுமையான நான்கு வரிகள், அவற்றின் முன்னால் நான். அட்டெண்டரம்மா இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் என் கை நிற்காமல் ஓடுகிறது, யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுவதைப்போல.