ஆபீசர் கேட்டால் சொல்ல வேண்டியது

என் அப்பா செத்துப்போய்விட்டார் என்று முதன்முதலில் சொன்னவள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. சொல்லிக்கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பிசிறு தட்டாமல் சொன்னேன் என்று ஊரே என்னை மெச்சியது.

அப்பா குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர். பொம்மிடியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் ஊர். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது, வானம் பார்த்த பூமி. இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் மழை ஏய்த்துவிட்ட சமயத்தில் ஒரு மேஸ்திரி வந்து ஆள் சேர்த்தார். ஏழெட்டுப் பேரோடு அப்பாவும் லாரி ஏறினார். எனக்கு நாலு வயது, தம்பி கைக்குழந்தை. கொஞ்ச நாள் பணம் வந்தது, அப்புறம் ஒரு கடிதம் வந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை. கூடப் போய்த் திரும்பிய ஒருவரைக் கேட்டால், அங்கே காய்ச்சலில் நிறையப் பேர் போய்விட்டார்கள், உங்க வூட்டுக்காரர் வேறு தோட்டத்துக்கு மாறினார், அதற்கு மேல் தெரியாது என்று தலையைச் சொறிந்தார்.

அம்மா புளி தட்டும் கூலிக்குப் போனாள். ஒரு வேளை களி, மறுவேளை அந்தக் களியைக் கரைத்த தண்ணீர். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு என்னைப் பக்கத்து ஊரில் ஒரு பண்ணைக்காரர் வீட்டில் மாடு மேய்க்க விடுவதாகப் பேச்சாகியிருந்தது. எனக்கோ மாடும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம், அப்பா வேண்டும். இந்த வயதிலும் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ரயில் காட்டுவதற்காகத் தோளில் உட்காரவைத்து அவர் என்னைப் பொம்மிடிக்குத் தூக்கிக்கொண்டு போனது நினைவிருந்தது. கைக்குள் அடங்காத அந்தக் கரடுமுரடான முடியும், பீடி வாசனையும் நினைவிருந்தன. முகம் மட்டும் வரவே வராது. தோளில் உட்கார்ந்துகொண்டு போனவளுக்கு முகம் எப்படித் தெரியும்!

அந்தச் சமயத்தில்தான் மாமா ஒரு சேதியோடு சைக்கிளில் வந்து இறங்கினார். புருஷனை இழந்த ஏழைப் பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் மணியார்டரில் பணம் அனுப்பப் போகிறதாம். திருப்பித் தர வேண்டாம், வட்டி கிடையாது, வேலை செய்து கழிக்கவும் வேண்டாம். அம்மா நம்பவில்லை. விட்டுப்போனவன் பெண்டாட்டிக்கும் உண்டா என்று மட்டும் கேட்டாள். கிடையாது, செத்திருந்தால்தான் என்றார் மாமா. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். ரெண்டு நாள் அவரோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள், அடுப்பு மூட்ட ஒன்றும் இல்லாத ஒரு மத்தியானத்தில், அவளாகவே ஆரம்பித்தாள்.

"என் வாயால அத நான் எப்புட்றா சொல்லுவேன்?"

"நீ சொல்ல வேணாங்க்கா. புள்ள சொல்லட்டும்."

அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. விசாரிக்க ஜீப்பில் வந்த ஆபீசர், நல்ல மனிதர், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, உங்கப்பா எங்கே பாப்பா என்றார். கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன்: செத்துட்டாருங்க, குடகுலீங்க, காய்ச்சலுங்க. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது மாமாவின் கட்டளை. தாலியைக் கழற்றிக் கேழ்வரகுப் பானைக்குள் போட்டிருந்த அம்மா, சுவரைப் பார்த்து நின்று அழுதாள். அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் உச்சுக்கொட்டி ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆக, ஊர் முழுக்க ஒற்றுமையாகச் சேர்ந்து செய்த ஒரே காரியம் என் அப்பாவைக் கொன்றதுதான்.

பணம் வந்தது. இரண்டு பத்து ரூபாய் நோட்டு. இன்றைக்கு அது ஒரு காப்பிக்குக் காணாது. அன்றைக்கு அது எங்கள் வீட்டுக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப்போட்டது. மாடு மேய்க்கும் பேச்சு நின்றது. எனக்கு ஒரு சிலேட்டு வந்தது. அம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கடைக்காரர், என்ன வேணுங்க என்று கேட்க ஆரம்பித்தார். ஓர் ஆட்டுக்குட்டி வாங்கினோம். மாதத்தில் ஒரு நாள் நெல்லுச்சோறு பொங்கினாள் அம்மா. அவள் மட்டும் அன்றைக்கும் களிதான் தின்றாள். சோறு தொண்டையில் இறங்கவில்லை என்பாள். சோறு இறங்காத தொண்டையும் உண்டா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அடுத்த வருடம் மாசியில் ஒரு நாள், அம்மா தம்பியையும் கூட்டிக்கொண்டு புளி தட்டப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் லீவு. நான் வாசலில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தேன். ஒல்லியாக, தாடியோடு, தோளில் துணிப்பையுடன் ஒருவர் வந்து நின்று என்னையே பார்த்தார். காலில் செருப்பு இருந்தது. எங்கள் ஊரில் யார் செருப்புப் போட்டார்கள்? இன்னொரு ஆபீசர் என்று முடிவு கட்டிவிட்டேன். விசாரிக்கத் திடீர் திடீரென்று வருவார்கள் என்று மாமா எச்சரித்திருந்தார்.

அவர் மெதுவாகக் கேட்டார்.

"உங்கப்பா எங்க கண்ணு?"

தழையைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டினேன்.

"செத்துட்டாருங்க. குடகுலீங்க. காய்ச்சலுங்க."

அவர் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். ஆபீசருக்குத் திருப்தியில்லையோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அதனால் மாமாவின் கட்டளையை மீறி நானாகவே சேர்த்தேன். மாசாமாசம் பணம் வருதுங்க, அதுலதான் நான் படிக்கிறேங்க, இந்த ஆடு வாங்கினோங்க, அப்பா இல்லாததாலதாங்க குடுக்கறாங்க, நிறுத்திப்புடாதீங்க. அவர் ஆட்டைப் பார்த்தார், கூரையில் புதிதாக வேய்ந்திருந்த மஞ்சம்புல்லைப் பார்த்தார். உங்கப்பாவ ஞாபகம் இருக்குதா என்று கேட்டார். இல்லீங்க என்றேன். முகம் நினைவில்லாதவள் வேறென்ன சொல்வாள்?

தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டுப் பையிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழம் எடுத்தார். ஒண்ணு தம்பிக்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். ஆபீசர் வந்ததையும் நான் சமாளித்ததையும் பெருமையாகச் சொல்லிப் பழத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"தம்பி இருக்கறது அவருக்கு எப்படித் தெரியும்?"

நான் பழத்தைக் கீழே வைத்தேன். அதற்குள் அவள் ஓட ஆரம்பித்துவிட்டாள். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. பின்னாலேயே நானும் ஓடினேன். ஏரிக்கரை மேட்டில் ஏறியதும், வறண்டு கிடந்த ஏரியின் அந்தப் பக்கம் பொம்மிடிப் பாதையில் அவர் போவது தெரிந்தது. மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்டிருக்கும். ஓடினால் எட்டிப் பிடித்திருக்கலாம்.

அம்மா நின்றுவிட்டாள். வாயைத் திறந்தாள், முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவர் போவதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். நான் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். என் கையை வலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தாள்.

"வேணாம் கண்ணு. ஆபீசருக்கு ரயிலுக்கு நேரமாச்சு. போவட்டும்."

அவர் மறையும்வரை நின்றுவிட்டுத் திரும்பினோம். ஓடிய களைப்பில் அம்மாவால் கூப்பிட முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுமாதமும் தேதி தவறாமல் மணியார்டர் வந்தது. நான் மட்டும் அன்றைக்கு அத்தனை நன்றாகப் பதில் சொல்லியிருக்காவிட்டால் இது நின்றுபோயிருக்கும் என்று தம்பியிடம் நாள் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆமாம் என்றாள்.